பதினெட்டாவது வளைவு

டயரை உதைக்காதீங்க தம்பி. உதைத்தால் அது வாய் திறந்து வயசைச் சொல்லப் போகிறதா? பட்டன் தேயவில்லை, கண்ணாலேயே தெரிகிறது. பழைய வண்டி பார்க்க வருகிற அத்தனை பேரும் முதலில் டயரைத்தான் உதைக்கிறார்கள். எவன் கற்றுக்கொடுத்த பழக்கமோ. எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் விலையை ஏற்றிவிடுவேன். பொள்ளாச்சியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க, சென்னியப்பன் யார்டில் டயரை உதைத்தவன் என்ன விலைக்கு வாங்கிப் போனான் என்று சொல்வார்கள்.

இப்படி நிழலுக்கு வாங்க. வீட்டம்மா காரிலேயே இருக்கட்டும், பரவாயில்லை. அந்த மரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கட்டும்.

நீங்க சொன்ன இரண்டு குறையும் காதில் விழுந்தது. பின்கதவு ஓரத்தில் ஒரு நசுங்கல், அதைத் தட்டி எடுத்துப் பெயிண்ட் அடித்துத் தரணும். டிரைவர் சீட்டுக்கும் பின்னால் இருக்கிற அறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல், தள்ளு கண்ணாடி போட்டது, அதை அடைத்துத் தரணும். இரண்டையும் செய்ய மாட்டேன். அதற்காக விலையைக் குறைங்க என்று கேளுங்க, பேசுவோம். ஆனால் அந்த இரண்டிலும் யாரும் கை வைக்கக் கூடாது. நீங்க வாங்கிப் போன பிறகும் வைக்கக் கூடாது.

சிரிக்கிறீங்க. விற்ற வண்டிக்கு எவன் நிபந்தனை போடுவான் என்றுதானே? நான் போடுவேன். போன மாதம் ஒரு மெஸ்காரர் வந்தார். இதில் பிரியாணிக் கடை போடப் போகிறாராம். நீங்க சொன்னதைவிட எவ்வளவோ அதிகம் சொன்னார். வெளியே போங்க என்றேன். அவருக்கு முன்னால் ஒரு கல்யாண போட்டோக்காரர். அவரையும் அனுப்பிவிட்டேன். நீங்க மலைக்குப் போவேன், மிருகம் பார்ப்பேன் என்று சொன்னதால்தான் உட்காரவே சொன்னேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சரக்கில் எதையும் மறைத்து விற்கிற ஆள் நான் இல்லை. இது அமரர் ஊர்தியாக ஓடின வண்டி.

எழுந்திருக்காதீங்க. உட்காருங்க. முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் எழுந்திருங்க.

எனக்கு இந்தப் பேய், ஆவி, அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. லாரி கிளீனராக ஆரம்பித்தவன் நான். டிரைவரிடம் வாங்கின அறைதான் எனக்குப் படிப்பு. எந்த வண்டியானாலும் சரி, பிரேக்கில் கால் வைத்தால் பின்னால் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சின்ன வயசில் டிரைவர்கள் அதில் பந்தயம் கட்டுவார்கள். பாரத்தில் இதுவரை நான் ஏமாந்ததில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

எனக்கு ஒரே பையன். தீபன். இன்ஜினியரிங் படிக்க வைத்தேன். படித்து முடித்தவன் வால்பாறையில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு, டூரிஸ்ட்டுகளுக்கு மிருகம் காட்டப் போகிறேன் என்றான். நான் கேட்டேன், மிருகம் என்ன நீ குடோனில் வைத்திருக்கிற சரக்கா? அது வந்தால் வரும், வராவிட்டால் வராது. கையில் இல்லாத சரக்கை எப்படிடா விற்பாய்? "நான் விக்கறது மிருகத்தை இல்லீங்கப்பா. சும்மா இருக்கறதை. சும்மா இருந்தா அதுங்களே நம்மளைப் பாக்க வரும்" என்றான். சும்மா இருக்கிறதுக்கு எவன் காசு கொடுப்பான்? கொடுத்தார்கள் தம்பி. பெங்களூரிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

அவன் இருந்த வரைக்கும் நான் அந்த மலை ஏறினதில்லை. அவன் கூப்பிடாமல் இல்லை. "இருவாச்சிக் கூடு பாக்கப் போறோம், நீங்களும் வாங்கப்பா" என்பான் போனில். லோடு வருகிறதுடா என்பேன். லோடு வரத்தான் செய்தது. பொய் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில், பாசி பிடித்த ஒரு பாலத்தில் அவன் பைக் வழுக்கிவிட்டது. அதற்குத்தான் மேலே போனேன். அவனை இறக்கிக்கொண்டு வந்தது இந்த வண்டியில்.

டிரைவர் பெயர் ஆரோக்கியம். மேலே எஸ்டேட் லைன் வீட்டுக்காரன். வாடகை சொன்னான். நான் குறைத்துக் கேட்டேன். அதில் என்ன இருக்கிறது? வாடகை என்றால் குறைத்துக் கேட்பதுதான். "கீழ வரைக்கும் எறக்கந்தானே, என்ன பெரிய டீசல் செலவாகிறப் போகுது?" என்று கேட்டேன். "நீங்க குடுக்கறதைக் குடுங்க முதலாளி" என்றான். அப்படிச் சொல்கிறவனிடம் பேரம் பேச முடியாது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய கல். இறங்கும்போது நாற்பதிலிருந்து குறைந்துகொண்டே வரும். முதல் வளைவு வருவதற்கு முன்னால் ஆரோக்கியம் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தக் கண்ணாடியைத் தள்ளினான். பின்னால் பார்த்து, "தம்பி, நாப்பது. திரும்புறோம், கூடவே வா" என்றான். அடுத்த வளைவு. "தம்பி, முப்பத்தொம்பது. திரும்புறோம்."

யாருடன் பேசுகிறாய் என்று கேட்டேன்.

"தம்பிகிட்டத்தான் முதலாளி. போனவங்க தானா வண்டிக்குள்ள ஏற மாட்டாங்க, நாலடி பின்னாலதான் வருவாங்க. நேர் ரோட்டுல தொல்லை இல்லை. வளைவுல வண்டி திரும்பிரும், அவங்க நேராப் போயிருவாங்க. நேராப் போனா பள்ளம். அப்புறம் அங்கயே கெடந்து சுத்துவாங்க. எங்கப்பா ஓட்டுனப்பவும் இப்படிச் சொல்லித்தான் எறக்குவாரு."

அது அந்த ஊர் வழக்கமோ, அவன் குடும்ப வழக்கமோ, அவனே கட்டிக்கொண்டதோ, எனக்குத் தெரியாது. நான் பொறுத்துக்கொண்டேன். பொறுமை என்றால் என்ன என்று அன்றைக்கு என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு வளைவாக அவன் சொல்லிக்கொண்டே வந்தான், மழை அடித்துக்கொண்டே வந்தது. பதினெட்டு வந்தது. "தம்பி, பதினெட்டு. அப்பா இங்கதான் இருக்காரு. பயப்படாம வா" என்றான்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "யோவ், செத்தவன்கூட என்னய்யா பேச்சு? வாயை மூடிக்கிட்டு ஓட்டு!" என்று கத்தினேன். கையை நீட்டி ஜன்னலை நானே சாத்தினேன். அவன் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே ஆழியார் வரும் வரைக்கும் வைப்பர் சத்தம்தான்.

அதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. மழை ரோட்டில் டிரைவர் முன்னால் பார்த்து ஓட்ட வேண்டாமா? சரி, நீங்க சொல்ல வேண்டாம்.

வீட்டு வாசலில் பின்பக்கமாக உள்ளே விடும்போது கேட் தூணில் இடித்துவிட்டது. அந்த நசுங்கல்தான் இது.

காரியத்துக்கு ஆரோக்கியம் வந்திருந்தான். வந்தவன் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? சமையல்கட்டுப் பக்கம் போய் என் சம்சாரம் துளசிமணியிடம், "அம்மா, பதினெட்டோட நிறுத்திட்டேம்மா, மன்னிச்சிருங்க" என்று சொல்லியிருக்கிறான். யார் நிறுத்தச் சொன்னது என்று அவள் கேட்கவில்லையாம். அவளுக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

அன்றிலிருந்து அவள் என்னுடன் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் சமாளிப்பேன், அது என் தொழில். தெற்கே மலை மேல் மேகம் இறங்கினால் போதும், போய்க் கேட்டைத் திறந்து வைப்பாள். நான் சாத்துவேன். அவள் திறப்பாள்.

"யாருக்கு புள்ள தொறந்து வெக்கற?"

"பதினெட்டுல நிக்கறான். கீழ எறங்க வழி தெரியாம நிக்கறான். ஒருவேளை தானா வந்துட்டான்னா, கேட் சாத்தியிருக்கக் கூடாதில்லீங்க?"

தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அவள் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்பாள். கழுத்து வலிக்காதா என்று கேட்பேன். ஒரு நாள் சொன்னாள். "பாதியில விட்டது நீங்க. நீங்களே போய் எறக்கிட்டு வாங்க. அதே வண்டியில போங்க, அவனுக்கு அடையாளம் தெரியும்." பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் மாத்திரை கொடுத்தார். அவள் மாத்திரையும் சாப்பிட்டாள், கேட்டையும் திறந்து வைத்தாள்.

அப்புறம் ஒரு நாள் மேலே இந்த வண்டியை விற்கிறார்கள் என்று தகவல் வந்தது. புது வண்டி வாங்கிவிட்டார்களாம். போனேன். பிணம் ஏற்றின வண்டியை யார் கேட்பார்கள்? நான் ஒருத்தன்தான் போயிருந்தேன். காயலான் கடை விலைக்குக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். அவர்கள் ஒரு விலை சொன்னார்கள். சரி என்றேன். இந்தத் தொழிலில் முதல் விலைக்குச் சரி என்றது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. பேச்சு வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

அமரர் ஊர்தியாகவே வைத்திருந்தால் அவளை எப்படி ஏற்றுவது? அதனால்தான் வீட்டு வண்டி ஆக்கினேன். கட்டில், அடுப்பு, தொட்டி, தண்ணீர் டேங்க், திரைச்சீலை. கட்டிலுக்கு அடியில் பாருங்க, தரையில் இரண்டு இரும்புத் தண்டவாளம் இருக்கும். ஸ்ட்ரெச்சர் ஓடுகிறதுக்குப் போட்டது. அதைப் பெயர்த்தால் தரை போய்விடும், விட்டுவிட்டேன். அவளிடம், "எல்லாரும் இப்படி வண்டியில போய்த் தங்கி மிருகம் பாக்கறாங்க, நாமளும் போலாம்" என்று மட்டும் சொன்னேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்கதவு ஓரத்தில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"எல்லாத்தையும் புதுசாக்கியிருக்கீங்க. இதை மட்டும் ஏன் தட்டலைங்க?"

"டிங்கர் லீவு" என்றேன்.

பங்குனியில் கிளம்பினோம். செக்போஸ்ட்டில் காவல்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன வண்டிங்க இது?"

"வீடுங்க."

"வீட்டுக்கு எதுக்குங்க டயரு?"

"சொந்தக்காரங்க தொல்லை தாங்கலை" என்றேன். நன்றாகச் சிரித்தார். காட்டுக்குள் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது, ரோட்டில் நிறுத்தித் தங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, "எத்தனை பேருங்க?" என்றார்.

பின்னால் இருந்து துளசி எட்டிப் பார்த்தாள். "போறப்ப ரெண்டு பேருங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. கையைக் காட்டி விட்டுவிட்டார். எனக்கு முதுகு ஜில்லென்றது. மலைக்காற்று அப்படித்தான்.

நான் லாரி விற்ற ஒருவருக்கு மேலே எஸ்டேட் இருக்கிறது. பங்களாவுக்குப் பின்னால் சமதரை. அங்கே நிறுத்தித் தங்கினோம். விடியும்போது எழுந்தால் வண்டி லேசாக ஆடுகிறது. கண்ணாடியில் ஒரே புகை. துடைத்துப் பார்க்கிறேன், அந்தப் பக்கம் ஒரு மூக்கு. காட்டுமாடு தம்பி. என் உயரத்துக்குத் திமில். வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு கால். வண்டியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அடித்த புதுப் பெயிண்ட் போகிறது. ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டு போனேன். துளசி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பேசாம இருங்க. அது பாத்துட்டுப் போகட்டும்."

அது பார்த்தது. எங்களைப் பார்த்தது போல் இல்லை. எங்களுக்குப் பின்னால், கட்டிலைப் பார்த்தது. அப்புறம் மெதுவாகத் தேயிலைக்குள் இறங்கிப் போனது.

அன்றைக்கு முழுக்க அப்படித்தான். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. மற்றக் கார்களுக்கு மேலெல்லாம் ஏறிக் குதித்தவை எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டு வரிசையாக உட்கார்ந்தன. பிடரி நரைத்த கிழட்டுக் குரங்கு ஒன்று பின்கதவுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. உள்ளே வாழைப்பழம் இருந்தது, வாசனை வந்திருக்கும். துளசி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொண்டு வருகிற மாதிரி. "அந்த மரந்தான்" என்பாள். "இங்கதான் ஓடையில நீர்நாய் வருமாம்" என்பாள். அவன் தினமும் சாயங்காலம் போனில் அவளிடம் சொன்னது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எனக்குத் தெரியாமல் பேசுகிறோம் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியும். பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன்.

பம்ப்ஹவுசுக்கு எதிரே, அவன் சொன்ன அந்த இருவாச்சிக் கூடு இருக்கிற மரத்தையும் கண்டுபிடித்தாள். முதலில் சத்தம்தான் வந்தது. நீராவி ரயில் மூச்சு விடுகிற மாதிரி, தலைக்கு மேலே ரெக்கைச் சத்தம். மஞ்சள் மூக்கு. மரத்தில் உயரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாயைப் பூசி அடைத்திருக்கிறது, நடுவில் விரல் போகிற அளவுக்கு ஒரு கீறல். பெட்டை உள்ளே முட்டையோடு தன்னை அடைத்துக்கொள்ளுமாம். சேவல் வெளியே இருந்து அந்தக் கீறல் வழியாகப் பழம் கொடுக்குமாம், மாதக்கணக்கில்.

"அந்தக் கீறலையும் யாராவது அடைச்சுட்டா?" என்று கேட்டாள் துளசி.

வண்டியை எடுத்தேன்.

டீக்கடையில் ஆரோக்கியம் இருந்தான். இப்போது வண்டி ஓட்டுவதில்லையாம், முட்டி போய்விட்டது. வண்டியைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தான். பானெட்டைத் தடவிக்கொடுத்தான்.

"அடியே, உனக்குப் புதுச் சேலையா? சீமாட்டி மாதிரி நிக்கிற!"

துளசி அவனிடம், "கூட வாங்கண்ணா. பதினெட்டுல இருந்து நீங்க விட்ட எடத்துல சொல்லி எறக்கிக் குடுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. நான் நடுவில் புகுந்தேன். "வாய்யா, வந்து போக ஒரு நாள் கூலி வாங்கிக்கோ. இப்பவும் பேரம் பேசுவேன்னு பயப்படாதே."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நான் சொன்னா தம்பி வராது முதலாளி. நிறுத்தச் சொன்ன கொரலைத்தான் அது கடைசியாக் கேட்டுச்சு. அந்தக் கொரலே வான்னு சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா நிக்கட்டும். மலைக்கு என்ன, ஒரு ஆளு பாரமா?"

எவ்வளவு திமிர் பாருங்க. டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மதியம் கோடை மழை ஒன்று கொட்டிவிட்டு நின்றிருந்தது. இறங்க ஆரம்பிக்கும்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. துளசி பின்னால் கட்டில் ஓரத்தில், அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டாள். நாற்பது போனது. முப்பது போனது. அவள் மூச்சு மட்டும் என் பிடரியில் பட்டுக்கொண்டு வந்தது.

பதினெட்டில் ஓரம் கட்டினேன். என்ஜின் சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று.

"எறங்குங்க" என்றாள்.

"நீ கூப்பிடு. அம்மா கூப்பிட்டா வர மாட்டானா?"

"நான் தெனமுந்தான் கூப்பிடறேன்."

இறங்கினேன். கல்லில் பதினெட்டு என்று எழுதியிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வெள்ளை. ஆளும் இல்லை, மரமும் இல்லை. எனக்குக் கூப்பிடத் தெரியவில்லை தம்பி. பேரம்தான் தெரியும்.

"டேய், இங்க பாரு" என்றேன். "யார்டுல பாதி உனக்கு. பைக் வேண்டாம், ஜீப் எடுத்துக்கோ, நானே நல்ல என்ஜினாப் பாத்து எடுத்துத் தர்றேன். போர்டு மாட்டிக்கோ. குரங்கைக் காட்டு, மாட்டைக் காட்டு, எதை வேணாலும் காட்டு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

பேரத்தில் எதிராளி பேசாமல் நின்றால் நாம்தான் இறங்கி வரணும். இறங்கினேன். "சரி, முழுசா எடுத்துக்கோ. நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்." பின்னால் கார்கள் நிற்க ஆரம்பித்துவிட்டன. நான் எதையோ பார்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தன் பெரிய கேமராவோடு பூனை மாதிரி நடந்து வந்து, என் காதோரம், "என்ன அனிமல் சார்? சிறுத்தையா?" என்று கிசுகிசுத்தான்.

"என் பையன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் போய்விட்டான். கார்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

"வேற என்னடா வேணும்?" என்று கேட்டேன். "என்கிட்ட வேற ஒண்ணும் இல்லை. சும்மா இரு, சும்மா இருன்னு சொல்லுவியே. இந்தா, சும்மா இருக்கறேன். போதுமா?"

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அப்படி நின்றதில்லை. கால் மரத்துவிட்டது. தலைமுடியெல்லாம் ஈரம். அப்போது பாறையிலிருந்து ஒரு வரையாடு இறங்கி வந்தது. குட்டை வாலை ஆட்டிக்கொண்டு, என் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. என்னைப் பார்த்தது. வண்டியைப் பார்த்தது. அப்புறம் சட்டென்று ஒதுங்கி, தனக்குப் பின்னால் வருகிற யாருக்கோ வழி விடுகிற மாதிரி விலகி நின்றது.

நீங்க நினைக்கிறது இல்லை. ஆடு ஆடுதான். அந்த ரோட்டில் எத்தனையோ நிற்கும்.

ஏறி உட்கார்ந்தேன். வண்டியை எடுத்தேன். அடுத்த வளைவு தெரிந்ததும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "தீபா, பதினேழு. திரும்புறோம்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக்கில் கால் வைத்தேன் பாருங்க.

ஒரு ஆள் பாரம் கூடியிருந்தது.

இறக்கத்தில் பிரேக் சூடானால் கால் கனமாகத்தான் இருக்கும். தெரியும். அது வேறு கனம். அதற்கும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற கனத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? பதினாறு சொன்னேன். பதினைந்து சொன்னேன். ஒன்று வரைக்கும் சொன்னேன். பின்னால் துளசி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டு இடம் விட்டிருந்தாள். செக்போஸ்ட்டில் அதே காவல்காரர். உள்ளே எட்டிப் பார்த்தார். வணக்கம் வைத்தார். யாருக்கு வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தாள். தூணில் இடிக்காமல் உள்ளே விட்டேன். அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கினாள் தம்பி. எத்தனையோ மாதம் கழித்து. குறட்டை விட்டாள்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இந்த வண்டியை ஏன் விற்கப் போகிறேன்?

மறுநாள் யார்டுக்கு ஓட்டி வந்தேன். காலி வண்டி. அதே கனம். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். டிரம்மைக் கழற்றினான், லைனிங் மாற்றினான், ஆயில் மாற்றினான். "எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றான். நான் ஓட்டினேன். அதே கனம். சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டிப் போனால், துளசி அவனை உள்ளே வரச் சொல்லி வண்டிக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தாள். அவனுக்குப் பிடித்த பருப்பு சாதம் செய்தாள். அவன் ரூமைக் கழுவி விட்டாள். காப்பியைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தாள். அது ஆறிப்போய் அப்படியே இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "எறங்க மாட்டேங்கறான் பாருங்க. வண்டி மறுபடி எப்பக் கெளம்பும்னு உக்காந்திருக்கான். நாமதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். அங்க அவன் வழி தெரியாம நிக்கலைங்க. சும்மா நின்னுட்டிருந்தான், அவ்வளவுதான்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"மலைக்குப் போறவங்களாப் பாத்துக் குடுத்துடுங்க."

நாமே கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரிதான். நான் ஓட்டிப் போனால் திரும்பி வரும்போது பதினெட்டில் என் வாய் சும்மா இருக்காது. கூப்பிட்டுவிடுவேன்.

நீங்க டயரை உதைத்தபோதே உங்களை அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உங்க வீட்டம்மா இவ்வளவு நேரமும் கார் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடவைகூட உங்களைக் கூப்பிடவில்லை, போனை எடுக்கவில்லை. அவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

விலையா? நீங்க சொன்னதே இருக்கட்டும். இல்லை, மேலே ஒன்றும் வேண்டாம். சரி என்றேனே. எனக்கு மறுபடியும் தொண்டை கட்டிக்கொண்டு வருகிறது, என்னைப் பேச வைக்காதீங்க.

சாவியைப் பிடிங்க. ஏறும்போது அந்த ஜன்னல் திறந்தே இருக்கட்டும். நம்பர் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஏறுகிற வழி அவனுக்குத் தெரியும். உங்களால் முடிந்த வரைக்கும் மிருகம் பாருங்க. திரும்பி இறங்கும்போது பதினெட்டில் கொஞ்சம் ஓரம் கட்டுங்க. பின்கதவைத் திறந்துவிட்டுவிட்டு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருங்க. இறங்குகிறவங்க இறங்கட்டும். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு வாங்க. யாரையும் கூப்பிடாதீங்க.

கீழே வந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க. வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். பதினேழில் பிரேக் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்க.